கிளியூர் அருவியும் கபடி ரைடரும்: ஒரு ஆட்டக்காரருக்கு விலை போடுவது எப்படி?

ஒரு சின்ன வகுத்தல் கணக்கோட ஆரம்பிப்போம்.

2022-ல் புரோ கபடி லீக்கின் 9-வது சீசன். ஒரு அணி தன் மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவழிக்க அனுமதித்த தொகை 4.4 கோடி ரூபாய். அதில் நம்ம தமிழ் தலைவாஸ் 2.26 கோடியை ஒரே ஒருத்தருக்குக் கொடுத்தது. பவன் செராவத். அன்றைய தேதிக்கு அந்த லீக் வரலாற்றிலேயே அதிக விலை. வகுத்துப் பாருங்க: 51 சதவீதம். மீதி 49 சதவீதத்தில்தான் மற்ற அத்தனை பேரும்.

அக்டோபர் 8, முதல் மேட்ச். எதிரணி குஜராத் ஜெயன்ட்ஸ். முதல் பாதியிலேயே எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன பவனுக்கு முழங்காலில் அடி. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர் அந்த சீசன் முழுக்கத் திரும்பி வரவில்லை. மேட்ச் 31-31 என்று டிரா. பாதிப் பணம் முதல் நாளே பெஞ்சுக்குப் போயாச்சு.

அடுத்து என்ன நடந்திருக்கணும்? அணி கவிழ்ந்திருக்கணும். நடந்தது நேர்மாறு. 2017-ல் லீக்குக்குள் வந்த தலைவாஸ், அந்த சீசனில்தான் முதல் முறையாக பிளே-ஆஃபுக்குப் போனது. எலிமினேட்டரில் பர்தீப் நர்வால் ஆடிய உபி யோத்தாஸை 36-36 டிராவுக்குப் பிறகு டை பிரேக்கரில் வென்றது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் வெறும் 2 பாயிண்டில், 37-39 என்று தோற்றது. பவன் இடத்தில் பாடிப் போனவர் நரேந்தர். அதுவரை லீக்கில் ஆடாத புது முகம். 243 ரைடு பாயிண்ட் எடுத்தார்.

அப்போ கேள்வி இதுதான்: ரைடர் உண்மையிலேயே எவ்வளவு முக்கியம்? "ரைடர்தான் எல்லாம்" என்பதும் பதில் இல்லை, "ரைடர் ஒண்ணுமே இல்லை" என்பதும் பதில் இல்லை. இதை எப்படி அளப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாடம்.

அமெரிக்காவில் இதே சண்டை

கபடியில் இந்தச் சண்டை இப்போதான் சூடு பிடிக்குது. அமெரிக்கன் ஃபுட்பாலில் இதைப் பல வருஷமா போட்டுக்கிட்டிருக்காங்க. அங்கே ரைடர் இடத்தில் இருப்பவர் "ரன்னிங் பேக்".

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ விளக்கம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறணும். முன்னேற வழி ரெண்டு. குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார், இல்லேன்னா ரன்னிங் பேக் கையில் கொடுப்பார், அவர் ஓடுவார். ஓடுபவருக்கு முன்னால் 5 மலை மாதிரி ஆட்கள் நின்று எதிரணியைத் தள்ளி வழி உண்டாக்குவார்கள். அவங்க பேர் ஸ்கோர் கார்டில் வராது. ஓடினவர் பேர் மட்டும் வரும்.

ஒரு காலத்தில் ரன்னிங் பேக்தான் ஹீரோ. பிறகு கணக்குப் போடுபவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 4 கெஜம். ஒரு எறிதலுக்கு அதைவிட அதிகம். அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஓடுபவரை மாற்றினாலும் கெஜம் பெரிசா குறையவில்லை.

டென்வர் அணியைப் பாருங்க. 1998-ல் டெரெல் டேவிஸ் 2008 கெஜம் ஓடினார். அணி 14 வெற்றி, சாம்பியன். 1999-ல் அவருக்குக் காயம். வெளியில் யாருக்கும் பெரிசா தெரியாத ஒலாண்டிஸ் கேரி வந்தார், 1159 கெஜம். 2000-ல் மைக் ஆண்டர்சன் வந்தார், 1487 கெஜம். வழி போட்டுக் கொடுக்கும் முறை நல்லா இருந்ததால் யார் ஓடினாலும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஆனால் 1999-ல் அணி வெறும் 6 மேட்ச்தான் ஜெயித்தது. அந்த வருஷம் குவாட்டர்பேக் ஜான் எல்வேயும் ஓய்வு பெற்றிருந்தார். கெஜம் வந்தது, வெற்றி வரவில்லை. ரெண்டும் ஒண்ணு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி டாட் கர்லிக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தது. சீசன் கடைசியில் அவருக்கு முழங்கால் பிரச்சினை. அதே வருஷம் ரெண்டு அணிகள் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட சி. ஜே. ஆண்டர்சனைக் கூப்பிட்டு இறக்கினார்கள். முதல் மேட்ச் 167 கெஜம், அடுத்தது 132.

தலைவாஸ் கதை ஞாபகம் வருதா?

கிளியூர் அருவி என்ன சொல்லுது?

சேலத்துப் பக்கம் படிக்கிறவங்களுக்கு ஏற்காடு புதுசு இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு ஓட்டிட்டு, கிளியூர் அருவிக்கு இறங்கிப் போய் போட்டோ எடுக்காத பேட்ச் உண்டா?

இப்போ யோசிங்க. மழைக்காலம் முடிந்து போனவர் காட்டும் போட்டோவில் அருவி 300 அடியிலிருந்து வெள்ளையாக் கொட்டும். கோடையில் போனவர் போட்டோவில் பாறைதான் இருக்கும், ஓரமா ஒரு நூல் மாதிரி தண்ணீர். ரெண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்து, "முதல் அருவி திறமையான அருவி, ரெண்டாவது ஃபார்ம் அவுட்" என்று யாராவது சொன்னா சிரிப்போம். ஏன்னா பாறை அதே பாறை, உயரம் அதே உயரம். மாறினது மேலே இருக்கும் ஏரியோட நீர்மட்டம். ஏற்காடு ஏரி நிரம்பி வழிவதுதான் கிளியூரில் கொட்டுது.

போட்டோவில் அருவி வரும். ஏரி வராது. ஆனால் அருவியை முடிவு பண்ணுவது ஏரி.

2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் சக்குவான் பார்க்லி ஓடியது 962 கெஜம். 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு மாறினார். முன்னால் வழி போடும் 5 பேர் லீக்கிலேயே சிறந்தவர்களில் சேர்ந்தவர்கள். 2005 கெஜம் ஓடி, அணியும் சூப்பர் பவுல் ஜெயித்தது. ஒரே வருஷத்தில் அவருக்குக் கால் ரெண்டு மடங்கு நீளமா ஆயிடுச்சா? இல்லை, ஏரி மாறிடுச்சு. ஆனால் இதையும் கவனிக்கணும்: அந்த ஏரித் தண்ணியை 300 அடி உயரத்திலிருந்து கொட்ட வைக்க அந்தப் பாறையும் வேணும். அதே 5 பேர் பின்னால் வேற யார் ஓடியிருந்தாலும் 2005 வந்திருக்குமா என்றால், சந்தேகம்தான்.

ஆக நாம கேட்க வேண்டியது "அருவியா ஏரியா?" என்று இல்லை. "இந்த எண்ணில் எத்தனை பங்கு ஏரியோடது, எத்தனை பங்கு பாறையோடது?" என்பதுதான்.

கபடியில் ஏரி எங்கே இருக்கு?

டிவியில் பார்க்கும்போது கேமரா முழுக்க ரைடர் மேல. "கில்லி" வேலுவில் இருந்து ஊர்த் திருவிழா கபடி வரை, விசில் பாடிப் போறவருக்குத்தான். பிடிக்கிறவர்களை ஒரு கூட்டமாத்தான் பார்க்கிறோம். ஆனால் விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் இன்ஜினியர் கண்ணோட படிச்சா ஏரி தெரியும்.

விதி 1: ரைடர் பிடிபட்டால் அவர் வெளியே. தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான் உள்ளே வர முடியும். அதுவும் வரிசைப்படி. அவருக்கு முன்னால் ரெண்டு பேர் வெளியே உட்கார்ந்திருந்தால், மூணு அவுட் ஆகும்வரை காத்திருக்கணும். போனஸ் பாயிண்ட் எடுத்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. ஆக ரைடரை மறுபடி களத்துக்குக் கொண்டு வருவது ரெண்டாவது ரைடர், இல்லேன்னா அணியின் பிடி.

விதி 2: எதிரில் 6 பேரோ அதற்கு மேலோ நின்றால்தான் போனஸ் உண்டு. 3 பேரோ அதற்குக் குறைவாகவோ நின்றால் ரைடரைப் பிடிப்பவர்களுக்கு சூப்பர் டேக்கிள், 2 பாயிண்ட். எதிரில் எத்தனை பேர் என்பதை ரைடர் தனியாக முடிவு செய்வதில்லை. அது முந்தைய பத்து ரைடுகளின் கூட்டு விளைவு. ரன்னிங் பேக் விஷயத்திலும் இதே கதைதான்: எதிரே கோட்டுக்குப் பக்கத்தில் 6 பேர் நிற்கிறாங்களா 8 பேர் நிற்கிறாங்களா என்பது அவர் ஓடும் கெஜத்தைப் பெரிய அளவில் மாற்றும். எறியத் தெரிந்த குவாட்டர்பேக் இருந்தால் எதிரணி பயந்து பின்னால் ஆள் நிறுத்தும். ஓடுபவருக்கு வழி கிடைக்கும்.

விதி 3: தொடர்ந்து ரெண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை. அதில் பாயிண்ட் எடுக்காவிட்டால் அவுட். அந்தக் கட்டாய ரைடுக்கு யாரை அனுப்புவது என்பது பயிற்சியாளர் முடிவு. எப்போதும் நட்சத்திரத்தையே அனுப்பினால் அவர் எண் கெடும். இன்னொருத்தரைப் பலி கொடுத்தால் இவர் எண் பளபளக்கும்.

இதில் முதல் விதியை மட்டும் எண்ணாக்கிப் பார்ப்போம். ஒரு ரைடர் ஒரு மேட்சில் 4 தடவை அவுட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடி சுமாரான அணியில் ஒவ்வொரு தடவையும் 4 நிமிஷம் வெளியே. மொத்தம் 16 நிமிஷம். 40 நிமிஷ ஆட்டத்தில் களத்தில் இருப்பது 24. பிடி நல்லா இருக்கும் அணியில் இரண்டரை நிமிஷத்தில் திரும்பி வந்துடுவார். மொத்தம் 10 நிமிஷம்தான் வெளியே, 30 நிமிஷம் களத்தில். 24-க்கு 30 என்றால் 25 சதவீதம் அதிகம். அவர் திறமை ஒரு துளிகூட ஏறாமலே, கையில் கிடைக்கும் வாய்ப்பு கால் பங்கு ஏறிடுச்சு. சீசன் முடிவில் "ரைடு பாயிண்ட் பட்டியல்" போடும்போது இந்தக் கால் பங்கு யார் கணக்கில் எழுதப்படும்? ரைடர் கணக்கில்.

விலை போடும் சூத்திரம்

அமெரிக்க பேஸ்பால்காரர்களிடமிருந்து எல்லா விளையாட்டுக்கும் பரவிய ஒரு யோசனை இருக்கு. ஒரு ஆட்டக்காரரோட மதிப்பை பூஜ்யத்திலிருந்து அளக்காதே. அவர் இல்லேன்னா சுலபமாக் கிடைக்கும் அடுத்த ஆளிலிருந்து அள. மெஸ்ஸில் சாம்பார் இல்லேன்னா வெறும் சோறு சாப்பிடப் போறதில்லை, ரசம் ஊத்திக்குவோம். ஆக சாம்பாரோட மதிப்பு என்பது சாம்பாருக்கும் ரசத்துக்கும் இருக்கும் வித்தியாசம் மட்டும்தான்.

இதைக் கபடிக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் எல்லாம் முறையைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். ஒரு அணிக்கு மேட்சுக்கு 40 ரைடு என்று வைப்போம். அதில் 20 முக்கிய ரைடருடையது.

நட்சத்திர ரைடர்: 20 ரைடில் 9 பாயிண்ட் எடுக்கிறார், 4 தடவை பிடிபடுகிறார். ஒவ்வொரு பிடியும் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். நிகரம் +5.

சுமாரான ரைடர்: 20 ரைடில் 7 பாயிண்ட், 5 தடவை பிடிபடுகிறார். நிகரம் +2.

வித்தியாசம் 3 பாயிண்ட். டிவியில் பார்த்தால் நட்சத்திரம் 9 பாயிண்ட் எடுத்த மாதிரி தெரியும். உண்மையில் அணிக்கு அவர் கூடுதலாகத் தருவது 3.

இப்போ பிடிக்கிறவர்கள் பக்கம். எதிரணியும் 40 தடவை பாடி வரும். சுமாரான பிடி: 8 பேரைப் பிடிக்கிறது, 16 பாயிண்ட் விடுகிறது. நிகரம் −8. நல்ல பிடி: 11 பேரைப் பிடிக்கிறது, 14 விடுகிறது. நிகரம் −3. வித்தியாசம் 5 பாயிண்ட். கூடவே மூணு பிடி அதிகம் என்றால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம்ம ஆட்கள் மூணு பேர் சீக்கிரம் உள்ளே வருவாங்க.

3 பாயிண்டுக்குப் பாதிப் பணமா, 5 பாயிண்டுக்குப் பாதிப் பணமா? நல்ல பிடி என்பது ஒரு ஆள் இல்லை, ரெண்டு கார்னர், ரெண்டு கவர் சேர்ந்த சங்கிலி. நாலு பேரையும் சேர்த்து வாங்கணும். அதனால் ஒப்பீடு "ஒரு ரைடருக்கு எதிரா ஒரு கார்னர்" என்று வரக்கூடாது. "ஒரே பணத்தில் ஒரு ரைடரா, ஒரு சங்கிலியா" என்று வரணும். பணத்துக்கு மேல் எல்லை இருக்கும் லீக்கில், ஒரு இடத்தில் வைத்த ரூபாய் இன்னொரு இடத்திலிருந்து எடுத்த ரூபாய். பொருளாதாரப் பேப்பரில் படிச்ச வாய்ப்புச் செலவு இதுதான்.

எது காரணம், எது விளைவு?

அமெரிக்க டிவி வர்ணனையில் வழக்கமா வரும் வசனம் ஒண்ணு: "ரன்னிங் பேக் கையில் 30 தடவை பந்து கொடுத்த மேட்ச்களில் இந்த அணி அதிகமாக ஜெயிச்சிருக்கு, அதனால் அவருக்கு இன்னும் பந்து கொடுங்க." கேட்க நியாயமா இருக்கும். ஆனால் ஓட்டத்துக்குப் பிறகு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். எறிந்த பந்து கீழே விழுந்தால் நின்னுடும். அதனால் முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைக்க ஓடிக்கிட்டே இருக்கும். அதாவது ஓடினதால் ஜெயிக்கவில்லை, ஜெயிச்சுக்கிட்டிருந்ததால் ஓடினாங்க. குடை பிடிச்சவங்க அதிகமா இருக்கும் நாளில் மழை பெய்யுது என்பதற்காக, மழை வர எல்லாரும் குடை பிடிங்க என்று சொல்வது மாதிரி.

கபடியில் இது தலைகீழா வரும், அதான் சுவாரசியம். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிஷங்களில் வெறும் ரைடு போட்டு 30 விநாடியைக் கரைக்கும். பின்தங்கிய அணிதான் ஒவ்வொரு ரைடிலும் பாய்ந்தாகணும். எதிரணியும் வலிய போய்ப் பிடிக்காமல், "போனஸ்தானே, எடுத்துட்டுப் போ" என்று விட்டுடும். அதனால் தோற்கும் மேட்சிலும் ஒரு ரைடர் 12, 13 பாயிண்ட் எடுத்திருப்பார். "அவர் மட்டும்தான் போராடினார், மத்தவங்க கைவிட்டுட்டாங்க" என்று நாம ஸ்டேட்டஸ் போடுவோம். சில நாள் அது உண்மை. சில நாள் அது கடிகாரம் பண்ண வேலை.

லீக் சொன்ன சாட்சிகள்

கணக்கு போதும், நடந்ததைப் பார்ப்போம்.

பாட்னா பைரேட்ஸ்: 3, 4, 5 சீசன்களில் தொடர்ச்சியா சாம்பியன். 5-வது சீசனில் பர்தீப் நர்வால் எடுத்த 369 ரைடு பாயிண்ட் பெரிய சாதனை. 7-வது சீசனிலும் அவர் 302 எடுத்தார். ஆனால் அந்த வருஷம் பாட்னா பிளே-ஆஃபுக்கே வரவில்லை. 8-வது சீசனுக்கு முன் அவர் 1.65 கோடிக்கு உபி யோத்தாவுக்குப் போனார். பாட்னா என்ன ஆச்சு? லீக் பட்டியலில் முதலிடம், இறுதிப் போட்டியில் டெல்லியிடம் 36-37 என்று ஒரே பாயிண்டில் தோல்வி. அந்த அணியோட பலம் பிடி. ஈரானிலிருந்து வந்த முகமது ரேசா ஷாட்லூயி 89 டேக்கிள் பாயிண்ட் எடுத்து அந்தப் பட்டியலில் முதலில் நின்றார். முந்தைய சாம்பியன் வருஷங்களிலும் பிடி சும்மா இல்லை. 4-வது சீசனில் கோப்பையைத் தூக்கிய கேப்டன் நம்ம தஞ்சாவூர்க்காரர், கார்னர் தர்மராஜ் சேரலாதன். அப்போ அவருக்கு 40 வயசு தாண்டியாச்சு.

தெலுங்கு டைட்டன்ஸ்: 10-வது சீசனுக்கு ஒரு அணிக்கு 5 கோடி வரம்பு. அதில் பவன் செராவத்துக்கு 2.6 கோடி. மறுபடியும் பாதிக்கு மேல. இந்தத் தடவை அவருக்குப் பெரிய காயம் இல்லை. 200 ரைடு பாயிண்ட் தாண்டினார். அணி 22 மேட்சில் ஜெயித்தது 2. கடைசி இடம். அதே சீசனில் கோப்பை வாங்கியது புனேரி பல்டன். அங்கே ரைடு அஸ்லாம் இனாம்தார், மோகித் கோயத், பங்கஜ் மோகிதே என்று பிரிந்திருந்தது. பிடியில் நின்றவர் அதே ஷாட்லூயி.

நம்ம தலைவாஸ்: 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நாயகன் அஜய் தாக்கூரோட 2017-ல் வந்தது. முதல் ரெண்டு சீசனும் தன் மண்டலத்தில் கடைசி இடம். 2019-ல் அஜய் தாக்கூர் இருக்கும்போதே ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு வாங்கினாங்க. போஸ்டருக்கு அருமையான ஜோடி. 12 அணியில் 12-வது இடம். 2022-ல் பவன் காயத்துக்குப் பிறகு நடந்ததை மேலே பார்த்தோம். அந்த அணியில் சாகர், சாஹில் குலியா, அபிஷேக், மோகித் என்று இளம் பிடி ஒண்ணாச் சேர்ந்து ஆடிப் பழகியிருந்தது. 2024-ல் மறுபடி ஏலத்தின் உச்ச விலை, 2.15 கோடிக்கு சச்சின் தன்வர் என்ற ரைடர். 9-வது இடம்.

ரைடர் பக்கம் பேச ஆள் இருக்கு

ஒரு பக்கம் மட்டும் சாட்சி கூப்பிட்டால் அது கணக்கு இல்லை, வக்கீல் வேலை. எதிர்வாதத்தையும் கேட்போம்.

6-வது சீசன் இறுதிப் போட்டி. பெங்களூரு புல்ஸ் 38, குஜராத் 33. பவன் ஒருவரே 22 ரைடு பாயிண்ட். அன்னிக்கு அவர் இடத்தில் "அடுத்த ஆள்" இருந்திருந்தால் கோப்பை வந்திருக்காது. 3 பாயிண்ட் வித்தியாசம் என்பது சராசரி. சராசரிக்குள்ளே 22 எடுக்கும் நாளும் ஒளிஞ்சிருக்கு. 11-வது சீசனில் பாட்னா இறுதிப் போட்டி வரை வந்ததில் தேவாங்க் எடுத்த 301 ரைடு பாயிண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நட்சத்திர ரைடர் உள்ளே இருந்தாலே எதிரணி தன் சங்கிலியை அவருக்காக மாற்றி நிறுத்தும். அவரை வெளியே வைப்பதற்கே ரெண்டு பேர் உழைப்பாங்க. ரெண்டாவது ரைடருக்கு அதனால் கிடைக்கும் வழி எந்த ஸ்கோர் கார்டிலும் வராது. மறைந்திருக்கும் உழைப்பு பிடிக்கிறவர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை.

கடைசியா, ஒரே சீசனை வைத்து முடிவு எழுதக்கூடாது. 2022-ல் அரையிறுதிக்குப் போன தலைவாஸ், நரேந்தரும் சாகரும் இருக்கும்போதே அடுத்த சீசனில் 9-வது இடத்துக்கு இறங்கியது. அந்த சீசன்களில் ஒரு அணிக்கு 22 லீக் மேட்ச் இருந்தது. அதில் நாலஞ்சு மேட்ச் கடைசி ரைடில் முடியும். காசு பூ விழுந்ததா தலை விழுந்ததா என்கிற அளவு அதிர்ஷ்டம் இதில் கலந்திருக்கு. ஆய்வகத்தில் ஒரே ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் வரைந்தால் லேப் அசிஸ்டென்ட் அண்ணா என்ன சொல்வார்?

ஆக என் முடிவு இப்படி: ரைடர் முக்கியம். ஆனால் அவர் முக்கியத்துவம் பெருக்கல் மாதிரி, கூட்டல் மாதிரி இல்லை. பிடியும் ரெண்டாவது ரைடரும் இருக்கும் அணியில் நட்சத்திரம் சேர்ந்தால் பலன் பெருகும். பூஜ்யத்தோட எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். டைட்டன்ஸில் பார்த்தது அதுதான். பார்க்லியை ஈகிள்ஸ் வாங்கினபோது முன்னால் வழி போடும் வரிசை ஏற்கெனவே தயார். கட்டடம் எழுப்பின பிறகு வாங்கும் கடைசிப் பொருள் அது. அஸ்திவாரத்துக்குப் போடும் கல் இல்லை.

விலை வேற, நியாயம் வேற

இங்கேயே முடிச்சா ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டுப் போகும். "மாற்று ஆள் கிடைப்பார்" என்று எழுதுவது நமக்கு ஒரு வரி. அந்த ஆட்டக்காரருக்கு அது வாழ்க்கை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு ஜெயிச்சதால் என்ன ஆச்சு தெரியுமா? 2023-ல் ஒரு வீரரை இன்னும் ஒரு வருஷம் பிடித்து வைக்க அணி கொடுக்க வேண்டிய நிர்ணயத் தொகை, குவாட்டர்பேக்குக்கு 3.2 கோடி டாலருக்கு மேல். ரன்னிங் பேக்குக்கு சுமார் 1 கோடி டாலர். பந்தை உதைக்க மட்டும் வருபவர்களை விட்டுவிட்டால் அதுதான் மிகக் குறைவு. அந்த ஜூலையில் பிரபல ரன்னிங் பேக்குகள் ஒரு ஆன்லைன் மீட்டிங் போட்டு, என்ன பண்ணலாம் என்று பேசுற நிலைமை வந்தது. அவங்க வாதம் எளிமையானது: இளமையில் முதல் ஒப்பந்தத்தின்படி குறைந்த சம்பளத்தில் எங்களை ஓட விடுறீங்க. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடம்பில் இடி விழுது. சந்தைக்கு நாங்க வரும்போது "உங்க கால் தேய்ஞ்சிடுச்சு, புது ஆள் மலிவு" என்று சொல்றீங்க. கர்லி கடைசியா ஆடினது 26 வயதில்.

கபடியிலும் புது இளம் வீரர் என்ற வகையில் குறைந்த சம்பளத்தில் வருபவர்கள்தான் பல அணிகளைத் தூக்கி நிறுத்துறாங்க. 2022-ல் நரேந்தர் அப்படி வந்தவர்தான். ரைடரா இருந்தாலும் கார்னரா இருந்தாலும் ஆடுவது முழங்காலை வைத்து. கார்னருக்கு இன்னொரு பாரம்: கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்து, மேலே நாலு பேர் விழ, கடைசியில் டேக்கிள் பாயிண்ட் ஒருத்தர் பேரில்தான் எழுதப்படும். மத்த மூணு பேர் பிடித்ததற்கு எழுத்தில் சாட்சியே இல்லை. ஊர் டீமில் இருந்து மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கும்போது எழுதி வைத்த எண்ணைத்தான் பார்ப்பாங்க என்றால், அந்த மூணு பேர் கதி என்ன?

அதனாலதான் சரியா அளக்கணும் என்று சொல்றேன். அளப்பது ரைடரை மட்டம் தட்டுவதற்கு இல்லை. ஏரிக்கும் ஒரு பேர் கொடுப்பதற்கு.

நீங்களே செஞ்சு பாருங்க

அடுத்த இன்டர் டிபார்ட்மென்ட் கபடி மேட்ச் நடக்கும்போது ஒரு நோட்டும் ஸ்டாப் வாட்சும் போதும். ரெண்டு பேர் உட்காருங்க. ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு வரி:

1. பாடிப் போனவர் யார், எதிரில் எத்தனை பேர் நின்றார்கள்.
2. அப்போதைய ஸ்கோர் வித்தியாசம், மீதி நேரம்.
3. முடிவு: பாயிண்ட், வெறுமை, அவுட். டூ ஆர் டையா இல்லையா.
4. பிடி விழுந்தால், முதலில் கை வைத்தவர் யார், சங்கிலியில் உடன் வந்தவர்கள் யார்.
5. யார் எடுத்த பாயிண்டால் யார் உள்ளே வந்தார்.

நாலு மேட்ச் முடிந்ததும் மூணு எண் கணக்கிடுங்க. ஒவ்வொரு ரைடரும் களத்தில் இருந்த நிமிஷத்துக்கு எத்தனை பாயிண்ட் எடுத்தார். அவுட் ஆனதைக் கழித்தால் நிகரம் எவ்வளவு. ஒவ்வொரு பிடிக்காரரும் எத்தனை தடவை இன்னொருத்தரை உள்ளே கொண்டு வந்தார். கடைசி எண்ணுக்கு லீக் ஸ்கோர் கார்டில் இடமே இல்லை. உங்க டிபார்ட்மென்ட் டீமில் அந்தப் பட்டியலின் முதலில் யார் பேர் வருதுன்னு பாருங்க. பெரும்பாலும் கேண்டீனில் யாரும் டீ வாங்கிக் கொடுக்காத ஒரு லெஃப்ட் கார்னர் பேராத்தான் இருக்கும்.

நோட்டில் எண் சேர்ந்ததும் நம்ம இதழுக்கு அனுப்புங்க. அடுத்த இதழில் அந்தப் பட்டியலையே போடுவோம்.